வண்ணத்து அந்தோணியார்

"பன்னி எங்க, மேஸ்திரி?" என்று கேட்டார் கோயில்பிள்ளை.

வியாழக்கிழமை மத்தியானம். நாலு நாளாக மழை விட்டபாடில்லை. பட்டறையின் தகரக் கூரையில் அது கொட்டுகிற கொட்டில் யார் பேசினாலும் தொண்டையைக் கிழித்துக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது. கோயில்பிள்ளையோ கோயிலைத் திறந்து பூட்டி மணியடிக்கிற மனிதர், அடங்கிய குரலில் பேசியே வயதானவர். குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தவர், நடுவில் ஐந்தடி உயரத்துக்கு நின்ற அந்தோணியார் சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பீடத்துக்குப் பின்னால் குனிந்துகூடப் பார்த்தார். அதன் பிறகுதான் இந்தக் கேள்வி.

சிலைக்காரர் முகமெல்லாம் பல்லாகத் தலையாட்டினார். "ஆமாங்க, நல்லா வந்திருக்கு. எல்லாம் நம்ம வீட்டம்மா கைவேலைதான்."

"நல்லா வந்திருக்கு, இல்லேங்கல. பன்னி எங்கன்னு கேட்டேன்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள காஞ்சிரும். கவலையே படாதீங்க."

மூலையில் தூரிகை கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவிக்குச் சுரீர் என்றது. அவளைத் தெருவில் எல்லோரும் கண்ணுக்காரி என்பார்கள். அச்சு வார்ப்பது, கம்பி கட்டுவது, தேய்ப்பது எல்லாம் புருஷன் வேலை. வண்ணமும் முகமும் அவளுடையவை. கடைசியில் கண் எழுதுவதும் அவள்தான். அவள் எழுதாத கண் எதையும் பார்க்காது என்று சிலைக்காரரே ஒரு காலத்தில் வருகிறவர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டதுண்டு. இப்போதெல்லாம் அவர் அவளிடம் பேசுவதே அபூர்வம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வழுக்கிக்கொண்டு போவது இரண்டு வருஷமாக வாடிக்கை. எதைக் கேட்டாலும் "ஆமா", இல்லாவிட்டால் "அதெல்லாம் சரி". மனுஷனுக்குத் திமிர் தலைக்கேறிவிட்டது என்று அவள் தீர்மானமே செய்து வைத்திருந்தாள்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்ன பன்னிங்க?"

"அந்தோணியாருக்குப் பன்னி உண்டுல்லக்கா? கால்கிட்ட நிக்கும். தாடி எங்க? கோலு எங்க? கோலு மேல ஒரு மணி தொங்குமே, அது எங்க? இவரு யாரு, மீசைகூட மொளைக்காம, கையில குழந்தைய வச்சுக்கிட்டு?"

"அந்தோணியார்தாங்க."

"அந்தோணியார்தான். பதுவைங்கற ஊரு அந்தோணியாரு. நாங்க கேட்டது வனத்து அந்தோணியாரு. தெளிவா ஃபோன்ல சொன்னேன். மேஸ்திரியும் திருப்பிச் சொன்னாரு, 'வனத்து அந்தோணியார்தானே'ன்னு. ஆமா ஆமான்னேன்."

கண்ணுக்காரி சுவரைப் பார்த்தாள். ஆர்டர் எல்லாம் சுவரில் தச்சுப் பென்சிலால் எழுதுவதுதான் அந்தப் பட்டறையின் வழக்கம். சிலைக்காரரின் கையெழுத்து பெரிய பெரியதாக இருந்தது. அந்தோணியார். வண்ணம். ஐந்தடி. ஞாயிறு.

அவர்கள் தொழிலில் சிலை இரண்டே வகை. வெள்ளை, வண்ணம். வெள்ளை என்றால் பளிங்கு மாதிரி மெழுகி விட்டுவிடலாம். வண்ணம் என்றால் கண்ணுக்காரிக்கு இரண்டு வார வேலை. ஒரு முனையில் இவர் "வண்ணத்து அந்தோணியார்தானே" என்று கேட்டிருக்கிறார். மறு முனையில் அவர் அதை "வனத்து" என்று எடுத்துக்கொண்டு ஆமாம் போட்டிருக்கிறார். இரண்டு பேரும் திருப்தியாக ஃபோனை வைத்திருக்கிறார்கள்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டு வாரம் அந்தக் குழந்தையின் கன்னத்துக்கு மட்டும் நாலு பூச்சுக் கொடுத்திருந்தாள்.

"பேரு ஒண்ணுதானேக்கா, ஆளு வேற" என்று கோயில்பிள்ளை ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டார். "வனத்தாரு முந்தினவரு. சொத்தையெல்லாம் வித்து ஏழைகளுக்குக் குடுத்துட்டுப் பாலைவனத்துல போய்த் தனியா இருந்தவரு. நூறு வயசுக்கு மேல. அவருக்கு அப்புறம் தொள்ளாயிரம் வருஷம் கழிச்சு வந்தவரு இவரு. இவரு பேரே வேற. அவரு பேரை ஆசப்பட்டு எடுத்து வச்சுக்கிட்டாரு. இன்னும் இருக்காங்க. குகை அந்தோணியாரு ஒருத்தரு, பின்னால வந்த மரிய அந்தோணியாருங்க ரெண்டு பேரு... எண்ணினா ஒரு பஸ்ஸு நிறையும்."

"நமக்கு எங்கங்க அதெல்லாம் தெரியும்? அந்தோணியாருன்னாலே தொலைஞ்சதைத் தேடிக் குடுக்கிறவருதான்."

"அது இவரு. மனுஷங்க கேக்கலன்னு ஆத்தங்கரையில மீனுங்களுக்குப் பிரசங்கம் பண்ணினவரு. மீனுங்க தலையத் தூக்கிக் கேட்டுச்சாம்."

கேட்கிறவர்கள் கேட்கிறார்கள், நம் வீட்டில் இருக்கிறது ஒன்று, என்று நினைத்துக்கொண்டு கண்ணுக்காரி புருஷனைப் பார்த்தாள். அவர் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இன்னும் அந்தப் பல்லைக் காட்டிக்கொண்டே நின்றார்.

கடைசியில் கோயில்பிள்ளை சட்டைப்பையிலிருந்து பர்ஸை எடுத்து, அதிலிருந்து ஒரு சின்னப் படத்தை உருவி நீட்டினார். சிலைக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைத் தாடிக் கிழவர், கோல், மணி, பன்றி. படத்தையும் சிலையையும் பார்த்தார். பல் உள்ளே போனது.

"மூணு நாளு" என்றார். பட்டறையின் பின்பக்கம் போய், ஒரு சாக்கை இழுத்தார். அடியில் வண்ணம் பூசாத இராயப்பர், மோட்சத்துச் சாவிக்காரர், மல்லாந்து கிடந்தார். போன வருஷம் ஏற்றும்போது சாவி பிடித்த கை முறிந்துபோய் அப்படியே ஒதுக்கிவைத்தது. வழுக்கை, தாடி, வயசு, எல்லாம் இருந்தது.

"இவருக்குச் சாவி போச்சு, கோலு வந்துச்சு" என்றாள் கண்ணுக்காரி.

"சாமி பொறுத்துக்கணும்" என்று கோயில்பிள்ளை நெற்றியைத் தொட்டுக்கொண்டார். போகும்போது நின்று, குழந்தையோடு நின்ற பதுவையாரைக் காட்டி, "இவரை என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"இருப்பாரு. ஊர்ல எல்லாருக்கும் தேடிக் குடுக்கிறவரு, தனக்கு ஓர் எடம் தேடிக்க மாட்டாரா?"

வாய்தான் இப்படிப் பேசியது. மனம் அந்தோணியாரிடமும் இல்லை, இராயப்பரிடமும் இல்லை. அது வீட்டுக்குள், மகளுடைய அறையில், கட்டிலுக்கு அடியில் கட்டி வைத்திருந்த இரண்டு பெட்டிகளைச் சுற்றிக்கொண்டிருந்தது.

மகளுக்கு மருந்துக் கடையில் வேலை. மூன்று வாரத்துக்கு முன் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவள் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அம்மாவுக்கு முன்னாலேயே தெரியும். பையன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், மருந்துக் கடை இருக்கிற கட்டிடத்துக்கு மாதா மாதம் வருகிறவன், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, மெல்ல, "அப்பா, எனக்கு ஒருத்தரப் பிடிச்சிருக்கு. கட்டிக்கலாம்னு இருக்கேன்" என்றாள். சிலைக்காரர் நகக்கண்ணில் ஒட்டிய பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "அதெல்லாம் எதுக்கு இப்ப? இருக்கிறது போதும்" என்றார். ரொட்டியை முடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

ஏன், எவன், என்ன சாதி என்ன தொழில் என்று ஒரு கேள்வி இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூட மகள் தாங்கியிருப்பாள். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், அவளுடைய கட்டிலுக்கு அடியில் அப்பா குப்புறப் படுத்து ஆடுகிற காலுக்குப் பலகை வைத்து ஆணியடித்துக்கொண்டிருந்தார். நாலு காலுக்கும். நீ இங்கேயே கிட என்று சொல்லாமல் சொல்கிறார் என்று மகள் அன்று முழுக்க அழுதாள்.

அதன் பிறகுதான் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள். அதையும் போன வாரம் வந்து சொன்னாள். "மாத்தல் வாங்கிட்டேம்பா, திங்கக்கெழம." அவர் நிமிர்ந்து பார்த்து, "நல்லது" என்றார். நல்லது! பெற்ற பெண் வீட்டை விட்டுப் போகிறேன் என்கிறாள், தகப்பன் நல்லது என்கிறான். கண்ணுக்காரிக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்தாள். திங்கட்கிழமை மகள் இந்தக் கசப்போடு படியிறங்கினால் திரும்ப ஏற மாட்டாள். அது அவள் சுபாவம், அப்பனைக் கொண்டு பிறந்தவள். பதுவையாரின் கன்னத்துக்கு நாலு பூச்சுக் கொடுத்ததுகூட இந்த வேண்டுதலோடுதான். தொலையப்போகிறது ஐயா, தொலைவதற்கு முன்னாலேயே பிடித்துக் கொடு.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. இராயப்பரை நிமிர்த்தி நிறுத்தி, முறிந்த கையை மணிக்கட்டோடு அறுத்தெடுத்தார் சிலைக்காரர். கம்பி செருகி, பிளாஸ்டரில் தோய்த்த சாக்கு நாரைச் சுற்றிச் சுற்றிப் புதுக் கை கட்டினார். துடைப்பத்தின் கைப்பிடி கோல் ஆனது. குட்டைத் தாடியைக் கொத்திச் சொரசொரப்பாக்கி மார்பு வரை வளர்த்தார். ஈரக் காற்றில் எதுவும் காய்கிற வழியாக இல்லை. கண்ணுக்காரி இரண்டு அடுப்பைப் பற்றவைத்துச் சிலைக்கு இரு பக்கமும் வைத்தாள். ஜன்னலை ஒருக்களித்துத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். புகையில் இரண்டு பேருக்கும் கண் எரிந்தது.

"பன்னிக்கு வாலு சுருட்டலா இருக்கணுங்க" என்றாள்.

பதில் இல்லை. அவர் வலது தோளை அவள் பக்கம் காட்டிக்கொண்டு களிமண் மாதிரி பிளாஸ்டரைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"உங்களத்தான். வாலு!"

பதில் இல்லை. கூரையில் மழை.

"செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி" என்று அவள் முணுமுணுத்தாள். இரண்டு வருஷமாக நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லிச் சொல்லி அவள் வாயில் அது தேய்ந்தே போயிருந்தது.

காலையில் மகள் வேலைக்குக் கிளம்பும்போது கண்ணுக்காரி அவளை வாசலில் மறித்துக் கேட்டிருந்தாள். "மணி ஒண்ணு வேணும்டி. கோலுல தொங்கவிட. சின்னதா, வரும்போது வாங்கிட்டு வந்துடு."

"இன்னும் ரெண்டு நாளுதான் இருக்கப்போறேன். அதுலயும் அவரு வேலைக்கு என்னை ஓட விடறியா?"

"அவருக்கில்ல, அந்தோணியாருக்கு."

"எந்த அந்தோணியாருக்கு? வீட்ல ரெண்டு பேரு நிக்கறாங்க." மகள் சிரிக்காமல் சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் மழை சட்டென்று நின்றது. நாலைந்து நாள் இரைச்சலுக்குப் பிறகு வந்த அமைதி காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கூரை விளிம்பிலிருந்து சொட்டுகிற சொட்டு, அடுப்பில் வெடிக்கிற சுள்ளி, எதிர்வீட்டில் யாரோ வெங்காயம் நறுக்குகிற சத்தம், எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. கண்ணுக்காரி தாடிக்கு முதல் வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள். சிலைக்காரர் வாசலுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து, பன்றிக்கு ஒரு காதை ஒட்டிவிட்டு மறு காதைத் தட்டையாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

மகள் வந்தாள். கையில் ஒரு பித்தளை மணி. "நாய்க்குட்டி கழுத்துக்குக் கட்டறதாம். இதான் கிடைச்சுது" என்று அம்மாவிடம் சொன்னவள், அப்பாவின் முதுகுக்குப் பின்னால், இரண்டடி தூரத்தில் நின்று மணியை ஆட்டினாள். கிணிகிணியென்று பட்டறையே நிறைந்தது. "இந்தச் சத்தம் போதுமாப்பா?"

சிலைக்காரர் பன்றிக் காதின் விளிம்பைக் கட்டைவிரலால் மடக்கினார்.

மகளுக்கு முகம் சிவந்தது. பேசாவிட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாதா? இன்னும் வேகமாக, வீம்புக்கு, அவர் வலது காதுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் ஆட்டினாள். எதிர்வீட்டில் வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றது. ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

சிலைக்காரர் மடக்கிய காதைத் தூக்கி, கண்ணை இடுக்கி, ஒரு பக்கம் சாய்த்து அழகு பார்த்தார்.

கண்ணுக்காரியின் கையிலிருந்து தூரிகை விழுந்தது. வீம்பு பிடித்த மனிதனுக்கு முதுகு விறைக்கும். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த முதுகு தெரியும். இந்த முதுகு சும்மா, வேலை மும்முரத்தில், தளர்ந்து குந்தியிருந்தது. அவருக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான். மேஜையில் எப்போதும் வலது ஓரத்து நாற்காலி. யார் பேசினாலும் வாயையே பார்ப்பது. கூட்டமான இடத்துக்கு வரமாட்டேன் என்பது. ஆமா, அதெல்லாம் சரி. இருபத்தைந்து வருஷம் தேய்க்கிற மெஷின் பக்கத்தில் நின்றவர். இரண்டு வருஷமாக அவளிடமிருந்து ஒவ்வொரு நாளும் சங்கு வாங்கியவர். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அம்மா" என்றாள் மகள். குரல் எங்கோ இருந்தது. "அப்போ அன்னைக்கு..."

"இரு."

கண்ணுக்காரி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த பன்றிக் காதை வாங்கிக் கீழே வைத்தாள். முகத்துக்கு நேராக, வாயைத் திறந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"மூணு வாரத்துக்கு முன்னால, சாப்பிடறப்போ, இவ உங்ககிட்ட என்ன சொன்னா?"

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். "எப்ப?"

"நீங்க இருக்கிறது போதும்னு சொன்னீங்களே, அன்னைக்கு."

"ஓ, அதுவா? கட்டில் வாங்கலாம்னு இருக்கேன்னா. புதுக் கட்டில் எதுக்கு, மரம் நல்லாத்தானே இருக்கு, காலுதான் ஆடுச்சு. மறுநாளே பலகை வச்சு அடிச்சுக் குடுத்தேனே. இன்னும் ஆடுதா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"போன வாரம் என்ன சொன்னா?"

"மாத்திரை வாங்கிட்டேன்னா. முட்டிவலிக்கு நான் கேட்டிருந்தேன்ல. நல்லதுன்னேன். எங்க வச்சான்னுதான் தெரியல. ஒரு வாரமாத் தேடறேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். மெல்லத் திரும்பினார். மகள் பின்னால் நிற்பதை அப்போதுதான் பார்த்தார். அவள் கையில் இருந்த மணியையும்.

"நீ எப்ப வந்தே?"

"வந்து மணியடிச்சேம்பா. ரெண்டு தடவ."

அவர் எழுந்துவிட்டார். "கேக்குது எனக்கு! என்ன நெனச்சுக்கிட்டிருக்கீங்க ரெண்டு பேரும்? மழ இந்தப் போடு போடுது, தகரத்துக்கு அடியில உக்காந்திருக்கேன், யாருக்குத்தான் கேக்கும்?"

"மழ நின்னு ஒரு மணி நேரமாச்சுங்க" என்றாள் கண்ணுக்காரி.

அவர் வாசலுக்குப் போனார். கையை வெளியே நீட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, திரும்பி வந்து, முக்காலியில் உட்கார்ந்தார். பன்றியின் ஒற்றைக் காதைத் தொட்டார்.

"காதுக்குள்ள எந்நேரமும் ஒரு இரைச்சல். நான் மழைன்னே நெனச்சுட்டேன்" என்றார். பிறகு, "வலது சுத்தமாப் போச்சு. இடதுல ஏதோ வரும், கொழகொழன்னு. ஃபோனை இடதுலதான் வச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? கேக்காதவன்கிட்ட யாரு பேசுவா? எங்க அப்பனுக்கு இப்படித்தான் ஆச்சு. மொதல்ல ரெண்டு தரம் சொல்லுவாங்க. அப்புறம் சத்தமாச் சொல்லுவாங்க. அப்புறம், ஒண்ணுமில்ல விடுங்கன்னு போய்டுவாங்க. அந்த ஒண்ணுமில்ல விடுங்க இருக்கே... அதைவிட, கேட்ட மாதிரித் தலையாட்டிட்டுப் போய்டலாம்."

அவர் பயந்த அதைத்தான், அவர் சொல்லாமலே, கண்ணுக்காரி செய்து முடித்திருந்தாள்.

"என்ன சொன்னே அப்போ? கட்டில் இல்லன்னா?" என்றார் அவர் மகளிடம், மெதுவாக.

"சொல்லுடி."

"எப்படிம்மா? கத்தியா சொல்றது இதை?"

"காதுகிட்டப் போய்ச் சொல்லு."

மகள் அவருடைய இடது பக்கம் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். காதோரம் கையைக் குவித்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள். பிடித்திருப்பதை, கட்டிக்கலாம் என்றிருப்பதை, மாற்றலை, திங்கட்கிழமையை. நடுவில் இரண்டு இடத்தில் அவர், "லிஃப்டா?", "எந்த ஊருக்கு?" என்று கேட்டார். அவள் முடித்தபோது அவர் முகத்தில் பிளாஸ்டர் பொடியில் இரண்டு கோடு இறங்கியிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"போறேங்கறவளைப் பார்த்து நல்லதுன்னேனா?"

"ம்."

"கட்டில் கால்ல வேற ஆணியடிச்சேன்."

"நாலு கால்லயும்பா."

அவர் கீழே வைத்த பன்றிக் காதைத் தேடி எடுத்தார். அது இறுகிப்போயிருந்தது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பிசையத் தொடங்கினார். பிசைந்துகொண்டே சொன்னார். "ஞாயித்துக்கெழம வரச்சொல்லு, அந்தப் பையனை. சிலை போனப்புறம்." பிறகு பிளாஸ்டர்க் கையாலேயே தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பக்கம் உக்காரச் சொல்லு."

மகள் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, அவரு ரொம்ப மெல்லப் பேசுவாரும்மா" என்றாள்.

சனிக்கிழமை முழுக்கக் கண்ணுக்காரிக்கு மறுபடியும் நிலைகொள்ளவில்லை. காவி அங்கிக்கு இரண்டு பூச்சு, பன்றிக்கு ஒரு பூச்சு, காய்கிற இடைவெளியில் வீட்டுக்கும் பட்டறைக்கும் நாற்பது நடை. ஒரு நாள் அழுதுவிட்டதால் இரண்டு வருஷப் பழக்கம் போய்விடுமா? புது மனிதன் முன்னால், வெட்கத்தில், மறுபடியும் அந்தப் பல்லைக் காட்டித் தலையாட்டிவிட்டால்? அந்தப் பையன் ஏதோ கேட்க, இவர் "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று விட்டால்? பெட்டிகள் இன்னும் கட்டிலுக்கு அடியிலேயேதான் இருந்தன. மகள் பிரிக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகட்டும் என்று விட்டிருந்தாள்.

சாயங்கால வெளிச்சத்தில் கண்ணுக்காரி வனத்தாருக்குக் கண் எழுதினாள். எதிரே பதுவையார் குழந்தையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டியது இவரை, வந்து காரியம் பார்த்தது அவருடைய மணி. மேலே தபால் பிரிக்கிறவர்கள் பெயரை மட்டும் பார்த்துப் போட்டுவிடுவார்களோ என்னவோ. "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க. நாளைக்கு ஒருநா மட்டும் யாராவது ஒருத்தரு பக்கத்துல இருங்க" என்று சொல்லிவிட்டுக் கருவிழியில் ஒளிப் புள்ளி வைத்தாள்.

ஞாயிறு காலை வண்டியோடு வந்த கோயில்பிள்ளை சிலையைச் சுற்றி வந்தார். தாடியைப் பார்த்தார், கோலைப் பார்த்தார், மணியை ஒரு தட்டுத் தட்டினார். குனிந்து பன்றியின் முதுகைத் தடவிக்கொடுத்தார். "காது ரொம்ப நல்லா அமைஞ்சிருக்கு மேஸ்திரி" என்றார்.

சிலைக்காரர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். கண்ணுக்காரி அவர் இடது பக்கம் போய், "பன்னிக் காது நல்லா இருக்காம்" என்றாள். "இருக்காதா பின்ன?" என்றார் அவர்.

வண்டியில் ஏற்ற ஆள் பற்றாமல் திணறிக்கொண்டிருந்தபோது தெருமுனையிலிருந்து ஒரு மெலிந்த பையன், இஸ்திரி போட்ட சட்டை கசங்குமே என்று பாராமல் ஓடிவந்து அடியில் தோள் கொடுத்தான். தூக்குவதுதானே அவன் தொழில். வனத்தார் பன்றியோடு பத்திரமாக ஏறினார். வண்டி கிளம்பி, மணி ஆடிக்கொண்டே தெரு திரும்பியது.

நாலு பேரும் மேஜைக்கு வந்தார்கள். சிலைக்காரர் வழக்கமான வலது ஓரத்து நாற்காலிக்குப் போனார். பையனை மகள் அவருடைய இடது பக்கம் உட்காரவைத்தாள். கண்ணுக்காரி டீ ஊற்றினாள். பையன் சட்டையில் ஒட்டிய வெள்ளைப் பொடியைத் தட்டினான், தொண்டையைச் செருமினான், டீயைப் பார்த்துக்கொண்டே எதையோ சொன்னான். பக்கத்தில் நின்ற கண்ணுக்காரிக்கே அது பாதிதான் கேட்டது.

சிலைக்காரரின் முகம் மலர ஆரம்பித்தது. அந்தப் பல் தெரிந்தது. தலை மேலும் கீழும் ஆடத் தொடங்கியது.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தலை பாதி ஆட்டத்தில் நின்றது. அவர் டீக் கோப்பையைத் தள்ளி வைத்தார். நாற்காலியை இழுத்துப் பையன் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தார்.

"என்ன சொன்னீங்க?" என்றார். "எனக்குக் காது சரியாக் கேக்காது, தம்பி. இன்னொரு தரம் சொல்லுங்க."

பையன் மகளைப் பார்த்தான். மகள் கண்ணைத் திறந்து, சொல்லு என்று தலையை அசைத்தாள். பிறந்ததிலிருந்து யாரிடமும் குரலை உயர்த்தாதவன் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, மூச்சை இழுத்து, ஒரே கத்தாகக் கத்தினான்.

"உங்க பொண்ணை நான் கட்டிக்கலாமான்னு கேட்டேங்க!"

தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல் படீரென்று திறந்தது.

"கேட்டுச்சு" என்றார் சிலைக்காரர். "உக்காருங்க."